அட்மிரல் நின்ற இடம்

எங்கள் சங்குப்பாடு ஊரில் இதை யாரும் கதையாகச் சொல்வதில்லை, வழி சொல்லும்போது சொல்வோம். குருசடியிலிருந்து நேர் கிழக்கே போ, அட்மிரல் நின்ற இடம் வரும், அதற்கு வலப்பக்கம் பாறை கிடக்கிறது, வள்ளத்தை இடப்பக்கம் ஒடித்துக்கொள் என்போம். அட்மிரல் யார், அவர் எதற்குக் கடலுக்குள் போய் நின்றார் என்று வெளியூர்க்காரன் எவனாவது கேட்டுவிட்டால் அப்புறம் அவனுக்கு ஒரு டீ சொல்ல வேண்டியிருக்கும், ஏனென்றால் அதை ஐஸ் கம்பெனி மச்சாதுவிலிருந்து தொடங்க வேண்டும், மச்சாதுவைப் பற்றிச் சொன்னால் எங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், அது எங்களுக்கு அவ்வளவு பிடித்த காரியம் அல்ல.

சூசை மச்சாதுதான் ஊரில் ஒரே ஐஸ் கம்பெனி முதலாளி. அந்தக் காலத்தில் கிழக்குக்கரைப் படை என்று ஏழே ஏழு கப்பல் வைத்திருந்த ஒரு சின்னக் கடற்படை எங்களுக்கு வடக்கே ஆறு மைலில் முகாம் போட்டிருந்தது, அங்கே அதிகாரிகள் சாயங்காலம் கூடிக் குடிக்கிற மாளிகை ஒன்று இருந்தது, அந்த மாளிகைக்கு இருபத்திரண்டு வருஷம் ஐஸ் கொண்டுபோனவர் மச்சாது, இருபத்திரண்டு வருஷமும் பின்வாசல் வழியாக. ஒருநாள் கொட்டுகிற மழையில் அவர் ஐஸ் கட்டியோடு முன்வாசல் படியில் ஏறிவிட்டார். காவலாள் துப்பாக்கிக் கட்டையால் அவர் நெஞ்சைத் தொட்டு, சுற்றிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டான். மச்சாது சுற்றிக்கொண்டு போனார். போகிற வழியிலேயே, தன் ஒரே மகனை வெள்ளை உடுப்புப் போட வைத்து, அவன் பின்னாலேயே இந்தப் படியில் ஏறி, உள்ளே பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, தன் ஐஸைத் தானே கிளாஸில் போட்டுக் குடிப்பது என்று முடிவு கட்டினார்.

மகன் பெயர் அலோசியஸ், எங்களுக்கு அலோசி. நல்ல பையன்தான். ஆனால் கடல் அவனுக்கு ஆகாது, கட்டிக்கிடக்கிற வள்ளத்தில் கால் வைத்தாலே குடலைப் புரட்டும், கடற்கரை ஊரில் இப்படி ஒரு பிள்ளையா என்று நாங்கள் சிரித்துச் சிரித்து ஓய்ந்துவிட்டோம். அவனுக்குப் பிடித்தது ஐஸ் கம்பெனி. மிஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, கட்டிகளுக்கு மேல் உமியைப் பரப்பிக்கொண்டு, அந்தக் குளிரில் அவன் பாட்டுக்குப் பாடிக்கொண்டு இருப்பான். அப்படியே விட்டிருந்தால் அவன் பேரன் பேத்தி எடுத்திருப்பான்.

மச்சாது விடவில்லை. சனிக்கிழமைதோறும் கமாண்டர் வீட்டுக்கு முழுச் சீலா மீன் ஐஸில் படுத்துக்கொண்டு போனது, படை டாக்டர் வீட்டுக்குக் கூடை கூடையாகச் சிங்கி இறால் போனது, அலோசியின் மார்பளவு இரண்டு விரற்கடை குறைந்திருந்தது மறு அளவையில் சரியாக இருந்தது, நீச்சல் சோதனை அன்று சோதனை செய்கிறவருக்கே காய்ச்சல் வந்தது. சப் லெப்டினன்ட் அலோசியஸ் மச்சாது என்று உத்தரவு வந்தபோது மச்சாது ஊருக்கெல்லாம் குலுக்கி ஐஸ் கொடுத்தார். நாங்களும் வாங்கித் தின்றோம்.

முதல் பயணத்திலேயே கடிதம் வந்துவிட்டது. "அப்பா, கப்பல் ஏறிய நாளிலிருந்து நான் எழுந்து நிற்கவில்லை. வாளியைக் கட்டிக்கொண்டு கிடக்கிறேன். என்னை வேண்டாம் என்று கமாண்டருக்கு எழுதப்போகிறார்கள். வந்துவிடுகிறேன் அப்பா, ஐஸ் கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறேன்." மச்சாது அதை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு குருசடிக்குப் போனார்.

எங்கள் குருசடி என்பது மணலில் பாதி புதைந்து நிற்கிற ஒரு கல்சிலுவை. அங்கே தலைமுறை தலைமுறையாக ஒரு வழக்கம் உண்டு. முழங்காலில் சுற்றிவருகிறேன் என்று நேர்ந்துகொண்டவனுக்கு முழங்கால் ஒத்துழைக்காவிட்டால், இன்னொருவன் கையில் உப்பு கொடுத்து, என் வலி உனக்கு என்று சொல்வான், அவன் அந்த உப்பைத் தின்றுவிட்டுச் சுற்றிவருவான். வலி தின்றவனுக்கு வரும், வரம் உப்புக் கொடுத்தவனுக்குப் போகும். அது வருமா என்று கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை, அலை கரைக்கு வருமா என்று யாராவது கேட்பார்களா? பிள்ளைக்காகப் பெற்றவர்களும் கொடுக்கலாம். பிரசவ வலியை நாத்தனாருக்குக் கொடுத்தவளே எங்கள் ஊரில் உண்டு, அதோடு அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. விதி இரண்டுதான். எதைக் கொடுக்கிறோம் என்று சுருக்கமாகச் சொல்ல வேண்டும். கொடுத்ததைத் திரும்ப எடுப்பதாக இருந்தால், கொடுத்தவனே உப்பைத் தன் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும், தின்றவன் நடுவில் துப்ப முடியாது.

மச்சாது உப்பு கொடுக்கத் தேர்ந்தெடுத்த ஆள் கித்தேரியான். ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிறவன், முதுகு கதவு மாதிரி இருக்கும், பதினைந்து பாகம் ஆழத்துக்கு மூச்சடக்கி முங்குவான். அவனும் பெண்சாதி பிரகாசியும் கரையோரப் புறம்போக்கில் ஒரு வீடு கட்டியிருந்தார்கள், வருஷத்துக்கு இரண்டு தடவை யாராவது வந்து இடிக்கப்போகிறோம் என்று சுவரில் சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போவார்கள், பிரகாசி அதன்மேல் சுண்ணாம்பு அடிப்பாள். பட்டா வாங்கித் தருகிறேன் என்று மச்சாது சொன்னார். அவர் சொன்னால் தாலுகா ஆபீஸில் காற்றாடி சுற்றும் என்று எங்களுக்குத் தெரியும், அதனால் கித்தேரியானுக்கு அடித்தது யோகம் என்றுதான் பேசிக்கொண்டோம்.

குருசடியை மூன்று தலைமுறையாகப் பார்த்துக்கொள்கிற குடும்பத்தைச் சேர்ந்த உபதேசியார் மனுவேல் உப்புத் தட்டோடு நின்றார். "எதக் கொடுக்கியன்னு சுருக்கமாச் சொல்லுங்க முதலாளி. கப்பல் வாந்தின்னு சொன்னாப் போதும்."

மச்சாது முப்பது வருஷம் மனு எழுதிய கை. மனுவில் ஓட்டை விட்டால் காரியம் அதன் வழியாக ஓடிவிடும் என்று நம்புகிறவர், எந்த மனுவையும் "மற்றும் இது சம்பந்தப்பட்ட யாவும்" என்று முடிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். கித்தேரியான் உள்ளங்கையில் உப்பை வைத்து அவர் சொன்னார்: "கடல்ல எம் மவன் உடம்புக்கு வாரது எதுவானாலும், மற்றும் அது சம்பந்தப்பட்ட யாவும்."

"யாவும்னா யாவும்தான் முதலாளி," என்றார் உபதேசியார்.

"எனக்குத் தமிழ் தெரியும் உபதேசியாரே."

பிரகாசி அப்போது ஒன்று கேட்டாள். "முதலாளி, கோவிச்சுக்கிடாதிய. ஒங்க புள்ளைக்கு நீங்களே தின்னா என்ன?"

"நாளைக்கு கமாண்டர் வீட்டுல விருந்து பிரகாசி. அங்க போயி வாந்தி எடுக்கவா?"

நாங்கள் சிரித்தோம். கித்தேரியானும் சிரித்துக்கொண்டேதான் உப்பை வாயில் போட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை அலோசியின் கப்பல் கடலுக்குள் போன நேரத்தில் இங்கே கித்தேரியான் ஐஸ் கட்டிமேல் குப்புற விழுந்தான். அன்றிலிருந்து அவனுக்குத் தரை நிற்கவில்லை. முதல் இரண்டு வாரம் நாங்கள் பரிதாபப்பட்டோம், பெண்கள் எலுமிச்சம்பழமும் சுக்குக்காப்பியும் கொண்டுபோனார்கள், ஆண்கள் அவன் சாய்கிற பக்கம் போய்த் தாங்கிக்கொண்டார்கள். மூன்றாவது வாரம் அதில் ஒரு லாபம் இருப்பதைக் கண்டுபிடித்தோம். கப்பல் நிற்பது ஆழக்கடலில், அங்கே அடிக்கிற காற்று எங்கள் கரைக்கு வர அரைநாள் ஆகும். கித்தேரியான் காலையில் சுருண்டால் மத்தியானம் கடல் கெடும், அவன் தெளிந்தால் கடல் தெளியும். அப்புறம் அவனை வீட்டில் விட்டுவைப்போமா? ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பம் நட்டோம், அதை ஒட்டி ஒரு நாற்காலி போட்டோம், சரிந்து விழாமல் இருக்க நைலான் கயிற்றால் இடுப்பைக் கம்பத்தோடு கட்டினோம், விடியும்போது வள்ளம் தள்ளுவதற்கு முன்னால் ஒவ்வொருவனும் வந்து அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனான்.

"கித்தேரி எப்படி இருக்காம்?"

"மஞ்சளா இருக்காம்."

"அப்ப இன்னைக்கு வேண்டாம். வலைய உள்ள போடு."

அந்த வருஷம் சங்குப்பாட்டில் கடலில் ஒருவன்கூடச் சாகவில்லை. அதற்கு முன் அப்படி ஒரு வருஷத்தை யாரும் பார்த்ததில்லை. திருவிழா நோட்டீஸில் கித்தேரியான் பெயரைப் போட்டு நன்றி சொன்னோம், அவன் அதைக் கையில் வாங்கி, அதன்மேலேயே வாந்தி எடுத்தான்.

மச்சாது கொடுத்த வார்த்தை அகலமான வார்த்தை என்பது மெல்லத் தெரிந்தது. அலோசி கப்பலில் சாப்பிட்டால் வயிறு நிறைவது இவனுக்கு. அதிகாரிகள் சாப்பாடு, வெள்ளிக்கிழமை இறால், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. கித்தேரியானுக்குத் தொந்தி போட்டது, அங்கே அலோசி தின்று தின்று இளைத்துக் கம்பீரமாகிக்கொண்டிருந்தான். குந்தியிருந்து திங்க ஒரு அதிர்ஷ்டம் வேண்டும் என்று ஊரில் சில பேர் கித்தேரியான்மேல் பொறாமைகூடப் பட்டார்கள். பிரகாசி மட்டும் மீன்குழம்புச் சட்டியை அவன் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். "எங் கையால ஒரு வாய் திங்க முடியல இந்த மனுசனுக்கு. ஏப்பம் மட்டும் பிரியாணி ஏப்பம்." வயதும் உடம்புக்கு வருவதுதானே, அதுவும் வந்தது, கித்தேரியான் இரண்டு பேருக்காக நரைத்தான்.

பயமும் உடம்புக்கு வருவதுதான். வயிறும் புரளாமல் பயமும் தெரியாமல் இருக்கிற அதிகாரியை எந்தப் படையில் பார்க்க முடியும்? புயலில் எல்லாரும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தொங்கும்போது அலோசி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேல்தளத்தில் நடந்தானாம், அந்த நேரம் இங்கே கித்தேரியான் கம்பத்தைக் கட்டிக்கொண்டு மாதாவே மாதாவே என்று அலறிக்கொண்டிருந்தான். லெப்டினன்ட் ஆவதற்கு அலோசிக்கு ஒன்பது மாதம் பிடித்தது, மற்றவர்களுக்கு மூன்று வருஷம். மீதியைச் சீலா மீன் பார்த்துக்கொண்டது.

அப்புறம் அந்த நெருப்பு. கப்பலின் இன்ஜின் அறை பற்றிக்கொண்டது, உள்ளே நாலு பேர் மாட்டிக்கொண்டார்கள், அலோசி சும்மா கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய் நாலு பேரையும் ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு வந்தான். அன்று வெயில் அதிகம் என்று கித்தேரியானை ஐஸ் அறைக்குள் உட்கார வைத்திருந்தோம். சுற்றிலும் ஐஸ், நடுவில் அவன் வெந்துகொண்டிருந்தான். தோல் உரிந்த இடத்தில் எல்லாம் ஐஸை அள்ளி அள்ளி வைத்தோம், அது கொஞ்சமும் கேட்கவில்லை, சூடு இங்கே இருந்தால்தானே ஐஸ் கேட்கும்.

கப்பல் மேல்தளத்தில் பந்தல் போட்டு அலோசிக்குப் பதக்கம் குத்தினார்கள். கித்தேரியான் வாழை இலையில் கிடந்தான். திடீரென்று அவன் நெஞ்சு விம்மியது, முகமெல்லாம் பூரித்தது, கண்ணில் நீர் கோத்துக்கொண்டு அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தான், கலியாணத்தன்றுகூட அவன் அப்படிச் சிரித்ததில்லை. பிரகாசி அவன் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். "எதுக்குவே இளிக்கீரு? எந்தக் கோட்டையப் பிடிச்சீரு?" குட்டிவிட்டு அவளே அழுதாள்.

அலோசி லீவில் வந்தபோது கித்தேரியானைப் பார்க்கப் போனான். கரையில் அவனுக்கு எல்லாம் உறைத்தது, அந்தக் கையையும் காலையும் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அந்தத் தீக்குள்ள எதுக்குத் தம்பி போனிய?" என்று கேட்டான் கித்தேரியான்.

"எனக்குப் பயமே வரல அண்ணே."

"எனக்கு வந்துச்சு தம்பி."

அப்புறம் கித்தேரியான், "ஒங்க அப்பாகிட்டச் சொல்லி அந்த உப்ப மட்டும் திருப்பி எடுத்துக்கிடச் சொல்லுங்க தம்பி. பட்டாகூட வேண்டாம்," என்றான். அலோசி போய்ச் சொன்னான். அடுத்த பதவி மட்டும் கைக்கு வரட்டும் மக்கா, அதோடு எடுத்துவிடுகிறேன் என்றார் மச்சாது. அலோசி இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்துப் பார்த்தான், மூன்றாம் நாள் சாப்பிட்டான், நாலாம் நாள் கப்பலுக்குப் போய்விட்டான். போகும்போது தன்னுடைய பழைய வெள்ளைச் சட்டை ஒன்றைக் கித்தேரியானுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அதுதான் அவனால் முடிந்தது.

கித்தேரியான் எங்களிடமும் கேட்டான். ஊரே திரண்டு போய்ச் சொன்னால் மச்சாது தட்டமாட்டார் என்று நாற்காலியில் கட்டுண்டபடியே கும்பிட்டான். ஏலக்கூடத்தில் ஊர் கூடியது. எல்லாரும் எல்லார் காலையும் பார்த்தோம். கடைசியில் யாரோ ஒருவன், அவன் பெயரை நாங்கள் சொல்வதில்லை, "மாரிக்காலம் முடியட்டுமே, காத்து மோசமா இருக்கும்லா," என்றான். சரிதான், மாரிக்காலம் முடியட்டும் என்று எல்லாரும் எழுந்துகொண்டோம். எங்களுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடுதான் மறுநாள் காலையிலும் போய் அவன் முகத்தைப் பார்த்தோம்.

மாரிக்காலம் முடிந்து, குருசடித் திருவிழா அன்று, வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லாத உச்சிப்பொழுதில், சப்பரம் ஏலக்கூடத்தைத் தாண்டும்போது கித்தேரியான் இரண்டு கையாலும் காற்றைத் துழாவினான். வாயை மேலே தூக்கினான். கால்கள் மணலை உதைத்தன. பதினைந்து பாகம் முங்குகிறவன் அவன், மூச்சை அடக்குகிறான் என்று பார்த்தவுடனே எங்களுக்குத் தெரிந்துவிட்டது, கரையில் பிறந்த எவனுக்கும் அது தெரியும். எவ்வளவு நேரம் அடக்குவான்? வாய் திறந்தது, தண்ணீர் வந்தது. இடுப்பில் நாங்கள் கட்டிய கயிறு, நாங்கள் போட்ட முடிச்சு, அவன் உதைக்க உதைக்க இறுகியது. பிரகாசி அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து அறுத்தாள். குப்புறப் போட்டு முதுகை அமுக்கினோம். குடம் குடமாக வந்தது, மணலில் இரண்டு நெத்திலி துடித்தன, இந்தப் பக்கம் வடிய வடிய அந்தப் பக்கம் நிறைந்துகொண்டே இருந்தது. கால்மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

"கப்பல் போச்சு," என்றார் எங்களில் ஒருவர்.

சப்பரத்துக்கு முன்னால் குடை பிடித்துக்கொண்டு வந்த மச்சாது குடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "அலோசி? எம் புள்ள?"

"தம்பிக்கு ஒண்ணும் ஆவாது முதலாளி," என்றார் உபதேசியார், பிணத்தைப் பார்த்தபடியே. "எல்லாம் இங்கல்லா வந்துருக்கு."

மச்சாது அந்த ஈர மணலிலேயே முழங்கால் போட்டு மாதாவுக்கு நன்றி சொன்னார். கித்தேரியானின் கண் இன்னும் மூடவில்லை, பிரகாசி அவர் வேண்டி முடிக்கிறவரை காத்திருந்து அப்புறம் அதை மூடினாள்.

மூன்றாம் நாள் காலையில் அலோசி கடலடி மண்ணிலேயே நடந்து ஊருக்கு வந்துசேர்ந்தான். முதலில் தொப்பி தெரிந்தது, அப்புறம் முகம், அப்புறம் கழுத்து. நாங்கள் கையை ஆட்டினோம். உபதேசியார் மட்டும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, "அங்கனயே நில்லுங்க தம்பி! ஒரு எட்டு வைக்காதிய!" என்று கத்தினார். கால்மணி நேரத்துச் சாவு கித்தேரியானுக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் மூன்று நாள் மூச்சுமுட்டல், குளிர், பசி, எல்லாம் வாங்க ஆளில்லாமல் அலோசியின் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. கடலில் இருக்கிறவரை அவனைத் தொட அதற்கு உரிமை கிடையாது, மச்சாதுவின் வார்த்தை அப்படி. கரையில் கால் வைத்தால் மொத்தமும் அவன்மேல் இறங்கும். அதற்குள் யாராவது உப்பைத் தின்றாக வேண்டும்.

மச்சாது உப்புப் பொட்டலத்தோடு வீடு வீடாக ஏறினார். வேலை தருகிறேன் என்றார், வள்ளம் தருகிறேன் என்றார், ஐஸ் கம்பெனியையே தருகிறேன் என்றார். நாங்கள் கதவைச் சாத்தினோம் என்று சொல்லமாட்டோம், உட்கார வைத்துக் காப்பி கொடுத்தோம், அதற்குமேல் ஒன்றும் இல்லை. கடைசியில் தாலுகா ஆபீஸுக்குப் போய் ஒரே நாளில் முத்திரை போட்ட பட்டாவை வாங்கிக்கொண்டு பிரகாசி வீட்டுக்குப் போனார். அவள் பட்டாவை வாங்கிப் படித்துப் பார்த்தாள், மடித்து மாடத்தில் வைத்தாள்.

"இது எங்களுக்கு வர வேண்டியது, வந்துட்டு. உப்ப நீங்களே வச்சுக்கிடுங்க முதலாளி."

"பிரகாசி, எம் மவன் தண்ணிக்குள்ள நிக்கான் பிரகாசி."

"ஒங்களுக்கும் ஒரு வாய் இருக்குல்லா?"

அன்று மத்தியானம் மச்சாது உப்பை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு அலை விளிம்பில் போய் நின்றார். ஊரே பின்னால் நின்றது. அலோசி அங்கிருந்து, "அப்பா, குளிரல, பசிக்கல, ஒண்ணுமே வரல. கரைக்கு வரணும்ப்பா," என்றான். மச்சாது கையைத் தூக்கினார். கை நெஞ்சுவரை வந்தது, தாடைவரை வந்தது, உதட்டுக்கு நாலு விரல் கீழே நின்றது. அவர் மகனைப் பார்த்தார். கித்தேரியானைக் கட்டிவைத்திருந்த கம்பத்தைத் திரும்பிப் பார்த்தார், அதில் அறுந்த கயிறு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கையை மூடிக்கொண்டார்.

"கொஞ்சம் பொறு மக்கா. ஆளு பாத்துக்கிட்டு இருக்கேன். அதுக்குள்ள இந்த வருசம் ஒன்னய லெப்டினன்ட் கமாண்டர் ஆக்கிருதேன்."

ஆக்கிவிட்டார். அது ஒன்றும் கஷ்டமாக இல்லை. பதவி உயர்வுக்குப் படையில் பார்ப்பது கடலில் இருந்த நாள்களைத்தான், மூழ்கிய கப்பலிலிருந்து மீண்ட ஒரே அதிகாரி, மீண்ட பிறகும் கடலைவிட்டு ஒரு மணிநேரம்கூட நீங்காதவன், அவனுக்கு நிகர் அந்தப் படையில் யார்? சீலா மீன் போய்க்கொண்டே இருந்தது. கமாண்டர் ஆனான், கேப்டன் ஆனான். ஒவ்வொரு தடவையும் மச்சாது வள்ளம் பிடித்துப் போய் அவன் தோளில் புதுப் பட்டையைக் குத்திவிட்டு வருவார், அவன் அதே கேள்வியைக் கேட்பான், அவர் அதே பதிலைச் சொல்வார், ஏழெட்டு வருஷத்தில் அவன் கேட்பதை நிறுத்திக்கொண்டான். மச்சாது முன்வாசல் வழியாக மாளிகைக்குப் போனார், பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார், ஐஸ் போட்டுக் குடித்தார். அதிகாரிகள் எல்லாம் எழுந்து நின்று உங்கள் மகன் எப்படி இருக்கிறார் என்று கேட்டார்கள், கடலில் இருக்கிறான் என்று சொன்னார்.

நாங்களும் பழகிக்கொண்டோம். அலோசி நின்ற இடத்துக்கு வலப்பக்கம்தான் அந்தப் பாறை, எத்தனையோ வள்ளத்தைக் கிழித்த பாறை, அதற்கு அடையாளமாக அவன் தொப்பியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிக்கொள்ளச் சொன்னோம், கட்டிக்கொண்டான். அலை அவன் தலைக்குமேல் போகும், வரும், அவன் கண் சிமிட்டமாட்டான். இருபத்தாறு வயது முகம் அப்படியே இருந்தது. அவன் அட்மிரல் ஆன அன்று மிச்சமிருந்த ஆறு கப்பலும் வரிசையாக வந்து குண்டு போட்டு மரியாதை செய்துவிட்டுப் போயின, அன்று அந்தச் சத்தத்தில் மீன் கலைந்துவிட்டது என்று அவனிடம் கோபித்துக்கொண்டோம்.

இருபதாவது வருஷம் மச்சாது கட்டிலில் படுத்துச் செத்தார். குளிப்பாட்டும்போது வலது கை மட்டும் விரியவில்லை, எண்ணெய் போட்டு விரித்துப் பார்த்தால் உள்ளே உப்பு, வியர்வையில் கரைந்து கரைந்து இறுகிக் கல்லாகியிருந்தது. இருபது வருஷமும் அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் திரிந்திருக்கிறார். "கைக்கும் வாய்க்கும் ஒரு சாண்," என்றாள் பிரகாசி. "அந்த ஒரு சாணத் தாண்ட முடியல பாவத்துக்கு."

பெட்டி கல்லறைக்குக் கடற்கரை வழியாகப் போனது. அட்மிரல் அதைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒரு எட்டு எடுத்து வைத்தான். தோள்பட்டை மேலே வந்தது, அதில் இருந்த பொன் எல்லாம் பச்சை பூத்திருந்தது, அப்புறம் பதக்கம் தெரிந்தது, இடுப்பு தெரிந்தது. பெட்டியைத் தூக்கியவர்கள் நின்றார்கள். உபதேசியார் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது, நில்லுங்க தம்பி என்று கத்த யாருமில்லை, எங்களுக்கும் வாய் இருந்தது, நாங்களும் கத்தவில்லை. பின்னால் யாரோ, "பாறைக்கு இனிமே என்னவே அடையாளம்?" என்று முணுமுணுத்தான்.

பிரகாசி அலை விளிம்புக்குப் போனாள். தடுக்கத்தான் போகிறாள் என்று நினைத்தோம். அவள் குனிந்து, அவன் கால் வைக்கப்போகிற இடத்தில் கிடந்த ஒரு கெளுத்தி முள்ளை எடுத்து அப்பால் எறிந்தாள்.

"பாத்து வாங்க தம்பி."

அட்மிரல் காய்ந்த மணலில் கால் வைத்தான். முதலில் குளிர் வந்தது, இருபது வருஷத்துக் குளிர், பல் கிட்டித்து நடுங்கினான், நடுங்கிக்கொண்டே அதிசயத்தைப் பார்க்கிறவன் போல் தன் கைகளைப் பார்த்தான். அப்புறம் பசி வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். அப்புறம் தலை நரைத்தது. கடைசியில் தண்ணீர் வந்தது. மூச்சு முட்டுவதற்கு முன்னால் அவனுக்கு ஒரு கணம் கிடைத்தது, அந்த ஒரு கணத்தில் அவன் நாக்கை நீட்டி உதட்டைத் தடவிப் பார்த்தான், பார்த்துவிட்டுப் பிரகாசியின் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"கரிக்குது."